பிஞ்சு மேனிக்கு ஏற்ற அலங்காரம்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் தைக்கும் குழந்தை உடைகளுக்கு அழகு சேர்ப்பது பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நிலையில் எழுதப்பட்டிருக்கின்றன. உடையைத் தைத்து முடித்துவிட்டு, இனி இதன்மேல் எதை வைக்கலாம் என்று கேட்கிறார்கள். அலங்காரம் என்பது துணியை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று என்பதும், அதை வெளிப்பக்கத்தைப் பார்த்து அல்லாமல் குழந்தையின் தோலில் படும் உள்பக்கத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பதும் பல ஆண்டுகள் தைத்தும் பிரித்தும் நான் கற்றவை. கீழே உள்ள பதில்களில் இவ்விரண்டும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: என் பேத்திக்கு 7 மாதம் ஆகிறது. அவளுக்காக மெல்லிய மல் துணியில் கவுன் ஒன்று தைத்திருக்கிறேன். நெஞ்சுப் பகுதியில் முத்துமணியும் சம்கியும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மருமகள் வேண்டாம் என்கிறாள். உறுதியான நூலால் தைத்தால் போதாதா?

உங்கள் மருமகள் சொல்வதே சரி, அம்மா. நூல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போதாது. 7 மாதக் குழந்தை கைக்கு எட்டுவதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் பருவத்தில் இருக்கிறது. அப்போதுதான் முளைக்கும் பல்லின் அரிப்பில் உடையின் முன்பகுதியை இழுத்துக் கடித்துக்கொண்டே இருக்கும். எச்சிலில் ஓயாமல் நனையும் நூல் நைந்துபோகிறது. மணியின் துளை விளிம்பு கூர்மையாக இருந்தால், அதுவே நூலைச் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது. ஒரே நூலில் வரிசையாகக் கோத்துத் தைத்திருந்தால், ஓர் இடத்தில் அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் உதிர்ந்துவிடும்.

பொம்மைகளைச் சோதிப்பவர்கள் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து அமைத்த ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உட்குறுக்களவு 31.7 மி.மீ.; அடிப்பகுதி சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. ஏதேனும் ஒரு பக்கமாகப் போட்டால் அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தைக்கு ஆகாது என்பது விதி. முத்துமணி, சம்கி, சிறிய பட்டன், சலங்கை மணி ஆகிய அனைத்தும் அந்த உருளைக்குள் எளிதாக அடங்கிவிடுகின்றன. என் மகளுக்கு 11 மாதம் இருக்கும்போது நான் தைத்த கவுனில் வரிசையாக முத்து வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை அவளுடைய மூடிய கைக்குள்ளிருந்து ஒரு முத்தை எடுத்தேன். அது கையில்தான் இருந்தது, வாயில் இல்லை என்பதற்காக இன்றும் நன்றி நினைக்கிறேன். அன்றிரவே எல்லா முத்துகளையும் பிரித்து எடுத்துவிட்டேன்.

முத்துப் போன்ற தோற்றமே உங்களுக்கு வேண்டுமென்றால் நூலாலேயே அதைக் கொண்டுவர முடியும். ஆறு இழை கொண்ட எம்ப்ராய்டரி நூலிலிருந்து இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்து, வெண்மையும் சந்தன நிறமும் கலந்து ஃபிரெஞ்சு முடிச்சுகளை (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் சிறு உருண்டை முடிச்சுகளை) நெருக்கமாகப் போட்டால், சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது அவை முத்துக் கொத்தைப் போலவே தெரியும். சிறு பூக்களுக்கு லேசி டெய்சி என்ற இதழ் வடிவத் தையலும், கொடிக்குக் காம்புத் தையலும் போதும். நூலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பின்பக்கம் முடிச்சுப் போடாமல், நுனியை ஏற்கெனவே போட்ட தையல்களுக்கு அடியில் நான்கைந்து முறை நுழைத்து வெட்டிவிடுங்கள். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது உறுத்தும் என்பதால் முதுகிலும் பின்கழுத்திலும் எந்த வேலைப்பாடும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை வெட்டாமல் பின்பக்கமாகவே நீளமாக இழுத்துச் செல்வது நம்மில் பலருக்குப் பழக்கம். 1 செ.மீ.க்கு மேல் தளர்வாகக் கிடக்கும் நூலில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். கைவிரலிலோ கால்விரலிலோ நூலோ தலைமுடியோ சுற்றி இறுகி இரத்த ஓட்டம் தடைபடுவது கைக்குழந்தைகளுக்கு உண்மையிலேயே நேர்வதாகும். ஆகவே சட்டைக் கையின் முனையிலும் காலுறையிலும் உள்பக்கத்தில் பிசிர் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேள்வி: என் 4 வயது மகனுக்குச் சட்டையின் நெஞ்சில் யானை உருவத்தை எம்ப்ராய்டரி செய்தேன். பார்க்க அழகாக இருந்தும் அவன் போட்டுக்கொள்ள மறுக்கிறான். "குத்துகிறது" என்கிறான். பிடிவாதமா, உண்மையா?

அவன் சொல்வதை நம்புங்கள். சட்டையைப் புரட்டி, அந்த இடத்தை உங்கள் முன்கையின் உள்பகுதியில் நான்கைந்து முறை தேய்த்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நெருக்கமாக நிரப்பிய தையலின் பின்புறம் கெட்டியான பலகையைப் போல ஆகிவிடுகிறது. அதற்கு அடியில் தாங்கலுக்காக வைத்த தாளோ கேன்வாஸோ முழுவதும் நீங்காமல் இருந்தால், அதன் வெட்டு விளிம்பு குத்தும். மின்னும் உலோக நூலைச் சேர்த்திருந்தால் இன்னும் மோசம்.

தைத்து முடித்த சட்டைக்கும் தீர்வு உண்டு. தாங்கல் துணி மீதமிருந்தால் தையலை ஒட்டி வெட்டி எடுங்கள். நூல் முனைகளை ஒட்ட நறுக்குங்கள். எம்ப்ராய்டரி வேலைப்பாட்டின் பின்னால் ஒட்டுவதற்கென்றே மிக மென்மையான பின்னல் துணி, இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் வகையில் கிடைக்கிறது. யானையைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக, மூலைகளை வளைவாக வெட்டி அதை ஒட்டுங்கள்; கூர்மையான மூலைதான் முதலில் உரிந்து வரும். அது கிடைக்காவிட்டால், பலமுறை துவைத்து மென்மையாகிப்போன பழைய பருத்தித் துணியில் ஒரு துண்டை வைத்து, விளிம்பை மடித்துக் கண்ணுக்குத் தெரியாத ஹெம்மிங் தையலாகச் சுற்றிலும் தைத்துவிடலாம். இனிமேல் தைக்கும்போது உருவம் முழுவதையும் நிரப்பாமல், வெளிக்கோட்டை மட்டும் காம்புத் தையலில் போட்டுப் பாருங்கள். குழந்தைச் சட்டையில் கோட்டோவியம் போன்ற அந்த மென்மையே எனக்கு அதிகம் பிடிக்கும்.

கேள்வி: கவுனின் கீழ் விளிம்பில் லேஸ் வைத்துத் தைத்தேன். முதல் சலவையிலேயே விளிம்பு முழுவதும் சுருங்கிக் கோணிவிட்டது. லேஸ் தரமற்றதா?

லேஸைக் குறை சொல்வதற்கில்லை. பருத்தி லேஸும் பருத்தித் துணியும் முதல் சலவையில் சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 1 மீட்டருக்கு 3 செ.மீ. சுருங்கும் லேஸை, ஏற்கெனவே துவைத்துச் சுருங்கி முடிந்த துணியோடு சேர்த்துத் தைத்தால், லேஸ் துணியையும் தன்னுடன் இழுத்துக்கொள்ளும். கோணல் அப்படித்தான் வருகிறது. துணி, லேஸ், ரிக்ரேக் (அலை வடிவ அலங்கார நாடா), சாதாரண நாடா, பைப்பிங்குக்குள் (விளிம்பில் வைக்கும் குழல் போன்ற பட்டிக்குள்) வைக்கும் கயிறு ஆகிய எல்லாவற்றையும், உடையைப் பிற்காலத்தில் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே அளந்து வெட்ட வேண்டும். லேஸைச் சுருளாகச் சுற்றியபடியே நனைக்காமல், தளர்வாகப் பிரித்து, ஒரு சிறு வலைப் பையில் போட்டு நனைத்தால் சிக்காது.

அப்போதே சாயத்தையும் சோதித்துவிடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் உள்ள நாடாவையும் நூலையும் வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்தினால் கறை படிகிறதா என்று தெரிந்துவிடும். படிந்தால், நீர் தெளியும்வரை அலசிப் பாருங்கள். தெளியவில்லையென்றால் அதை வெளிர்நிற உடையில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இப்போது கோணிப்போன கவுனைக் காப்பாற்ற வேண்டுமென்றால், லேஸை முழுவதும் பிரித்தெடுத்து, ஈரமாக்கி, இழுக்காமல் இஸ்திரி போட்டு, மீண்டும் தைத்தால் போதும். லேஸ் நீளம் குறைகிறதென்றால், ஒரு துண்டைச் சேர்த்து, அந்த இணைப்பைப் பக்கவாட்டுத் தையலின்மேல் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தையல் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு தந்தை. என் மகளின் பாவாடைக்கு ஃப்ரில் வைத்தேன். ஓர் இடத்தில் சுருக்கம் குவிந்தும் மற்றோர் இடத்தில் வெறுமையாகவும் வருகிறது. எத்தனை முறை பிரித்தாலும் சரியாகவில்லை.

கற்கத் தொடங்கும் எவருக்கும் ஃப்ரில் இப்படித்தான் வரும், ஐயா. அளவில் தவறு இல்லையென்றால், முறையை மாற்றினால் சரியாகிவிடும். முதலில் அளவைப் பார்ப்போம். பாவாடையின் சுற்றளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் ஃப்ரில் பட்டைக்கு வேண்டும். 120 செ.மீ. சுற்றளவுக்கு 180 முதல் 240 செ.மீ. வரை தேவைப்படும். மல், வாயில் (voile) போன்ற மெல்லிய துணிக்கு மேல் அளவையும், சற்றுக் கனமான துணிக்குக் கீழ் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையைத் துணியின் அகலவாக்கில் வெட்டினால், பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் இழை) மேலிருந்து கீழாக ஓடும். சுருக்கங்கள் அப்போது விறைக்காமல் மென்மையாக விழும்.

பட்டையை இணைத்து வளையமாக்கிய பின், அதை எட்டுச் சமபாகங்களாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் குறியிடுங்கள். பாவாடையின் விளிம்பையும் அவ்வாறே எட்டாகப் பிரித்துக் குறியிடுங்கள். சுருக்கத் தையல் ஒரு வரி போதாது. இரண்டு வரி வேண்டும். இயந்திரத்தில் மிக நீளமான தையலை வைத்து, மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு வரியும் 14 மி.மீ. தள்ளி மற்றொரு வரியும் போடுங்கள். முழுச் சுற்றுக்கும் ஒரே நூலாக ஓட்டாமல் பாதியில் நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள். அப்போது நடுவில் நூல் அறுந்தாலும் பாதி வேலைதான் வீணாகும். பிறகு எட்டுக் குறிகளையும் பாவாடையின் எட்டுக் குறிகளோடு பொருத்திக் குண்டூசி குத்தி, இரண்டு வரிகளின் பாபின் நூல்களையும் (இயந்திரத்தின் அடிநூல்களையும்) ஒன்றாகப் பிடித்து, ஒவ்வொரு பாகமாக இழுத்துச் சுருக்குங்கள். உங்கள் ஃப்ரில் குவிந்ததற்குக் காரணம் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் இழுத்தது என்றே நினைக்கிறேன்.

தைக்கும்போது சுருக்கம் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, இரு சுருக்க வரிகளுக்கும் நடுவே தையல் ஓட வேண்டும். இரு பக்கமும் பிடிமானம் இருப்பதால் சுருக்கங்கள் நகராமல் நேராக நிற்கும். தைத்து முடித்ததும் வெளியே தெரியும் 14 மி.மீ. வரியைப் பிரித்துவிடலாம். ஊசித் தடம் நிற்கும் துணியா என்று ஒரு துண்டில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்திரியின் முனையைச் சுருக்கத்துக்குள் மெல்லச் செலுத்தி எடுக்க வேண்டும். தட்டையாக அழுத்தினால் இத்தனை உழைப்பும் மடிப்புக்கோடுகளாகிவிடும்.

கேள்வி: டக்ஸ் வைத்த நெஞ்சுப் பகுதியும் ஸ்மாக்கிங் வைத்த நெஞ்சுப் பகுதியும் எனக்கு மிகவும் பிடிக்கும். இவற்றுக்கு எவ்வளவு துணி கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. டக்ஸ் என்பது துணியை நேராக மடித்துத் தைக்கும் மெல்லிய மடிப்புகள்; ஸ்மாக்கிங் என்பது துணியைச் சுருக்கி, அந்தச் சுருக்கங்களின்மேல் தைப்பது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், துணியை மடித்தே அழகைக் கொண்டுவரும் வேலைகள் இவை இரண்டும். உதிர்வதற்கோ விழுங்குவதற்கோ இவற்றில் எதுவும் இல்லை.

டக்ஸின் கணக்கு எளிது. ஒவ்வொரு டக்கும் தன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணியை விழுங்கும். 3 மி.மீ. அகலமுள்ள ஒரு டக்குக்கு 6 மி.மீ. வேண்டும், நெஞ்சின் இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு டக்குகள் என்றால் 72 மி.மீ., அதாவது 7.2 செ.மீ. கூடுதலாகத் தேவை. ஆனால் இந்தக் கணக்கை நம்பி முன்பகுதியை முதலிலேயே வடிவமாக வெட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு டக்குகளில் ஒவ்வொன்றின் அகலமும் அரை மி.மீ. பிசகினால், அது இரட்டிப்பாகி மொத்தத்தில் 12 மி.மீ. மாறிவிடும், குழந்தை உடையில் அது பெரிய வேறுபாடு. சற்றுப் பெரிய செவ்வகத் துண்டில் டக்ஸ் அனைத்தையும் தைத்து, இஸ்திரி போட்டு, அதன்மேல் மாதிரித் தாளை நடுக்கோடு பொருந்த வைத்து, அதன் பிறகே கழுத்தையும் தோளையும் வெட்டுங்கள். மடிப்புக்கோடு பாவு நூலோடு இம்மியும் விலகாமல் போக வேண்டும். துணியில் ஓர் இழையை உருவி எடுத்து, அந்தத் தடத்தின்மேல் மடித்தால் கோடு தவறவே தவறாது.

ஸ்மாக்கிங்குக்கு, முடிந்த பிறகு எவ்வளவு அகலம் வேண்டுமோ அதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு துணி எடுக்க வேண்டும். 24 செ.மீ. நெஞ்சுக்கு 60 முதல் 72 செ.மீ. வரை ஆகும். ஏறத்தாழ 6 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி நூலில் ஓட்டுத் தையல் போட்டு, எல்லா நூல்களையும் ஒன்றாக இழுத்தால் துணி சீரான மடிப்புக் குழல்களாகச் சுருங்கும். அந்தக் குழல்களின் முகட்டை மட்டும் பிடித்து மேலே அலங்காரத் தையல் போடுகிறோம். கட்டம் போட்ட துணியாக இருந்தால் புள்ளி வைக்கும் வேலையே இல்லை. கட்டத்தின் மூலைகளே புள்ளிகளாகும். முதன்முதலில் செய்பவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். சுருக்க நூல்களை உருவி எடுத்ததும் துணி சற்று விரியும் என்பதால், வேண்டிய அகலத்தைவிட 2 செ.மீ. அளவு குறைவாகவே சுருக்கிக்கொள்ளுங்கள்.

எலாஸ்டிக் இல்லாத காலத்தில் உடைக்கு இழுவை கொடுத்த முறைகளுள் ஸ்மாக்கிங்கும் ஒன்று. குழந்தை மூச்சை இழுத்தாலும், கையைத் தூக்கினாலும், சில மாதங்களில் சற்று வளர்ந்தாலும் அது விரிந்து இடம் கொடுக்கும். அந்த இழுவை குறையாமல் இருக்க வேண்டுமென்றால், தேன்கூட்டுத் தையலையும் அலைத் தையலையும் அதிகமாகவும், நேர்கோட்டுத் தையலை மேலும் கீழும் ஓரிரு வரிகளுக்கு மட்டும் அளவாகவும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வடிவம் வரைந்த பேனாக் கோடு துவைத்தும் போகவில்லை. என்ன செய்வது?

நீரில் கரையும் மையால் வரைந்த கோட்டின்மேல், துவைப்பதற்கு முன்பு இஸ்திரி வைத்துவிட்டால், அது துணியில் நிலைத்துவிடும். பலருக்கும் இதுதான் நேர்கிறது. முதலில் குளிர்ந்த நீரில் சோப்பு இல்லாமல் முழுவதும் அலசி, கோடு போனபின்பே சூடு காட்ட வேண்டும். சூட்டில் மறையும் பேனாவோ இதற்கு நேர்மாறானது; இஸ்திரி வைத்ததும் மறையும், கடுங்குளிரில் திரும்பத் தோன்றும். எந்தப் பேனாவாக இருந்தாலும் அதே துணியின் வெட்டுத் துண்டில் வரைந்து, துவைத்துப் பார்க்காமல் உடையில் வைக்காதீர்கள். உங்கள் துணியில் நின்றுபோன கோட்டை, அதன்மேலேயே ஒரு வரி சங்கிலித் தையல் போட்டு மறைத்துவிடலாம்.

கேள்வி: பனியன் துணிச் சட்டையில் அப்ளிக் (வெட்டிய துணி உருவத்தை மேலே வைத்துத் தைப்பது) வைத்தால் சுற்றிலும் துணி அலை அலையாக எழும்புகிறது. பருத்திச் சட்டையில் அப்படி வருவதில்லையே?

பனியன் துணி பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். அதன்மேல் நீளாத துணியை வைத்து, நெருக்கமான சாட்டின் தையலை (இழைகள் இடைவெளியின்றிப் பக்கம் பக்கமாக அமையும் தையலை) போடும்போது, இயந்திரம் கீழ்த்துணியை இழுத்துக்கொண்டே போகிறது. தையல் முடிந்ததும் நீண்ட துணி பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது, தையல் விடுவதில்லை. நீங்கள் காணும் அலை அதனால் வருவதுதான்.

கீழ்த்துணி நீளாதபடி தற்காலிகமாகக் கட்டிவைப்பதே தீர்வு. சட்டையின் உள்பக்கம், உருவத்தைவிடப் பெரிதாக, பின்னர் கிழித்து எடுக்கக்கூடிய தாங்கல் தாளை வையுங்கள். அப்ளிக் துண்டை, இருபுறமும் ஒட்டும் பசைத்தாளால் முதலில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பசைத்தாளில் உருவத்தை வலம் இடமாக மாற்றி வரைய வேண்டும் என்பதை மறந்துவிடுவோம். எழுத்துகளை வைக்கும்போது இது மிக முக்கியம். ஒட்டும்போது இஸ்திரியை நகர்த்தித் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் பனியன் துணி அப்போதே நீண்டுவிடும், ஒட்டிய பின் அதைத் திருத்த முடியாது. பனியன் துணிக்கென்று உள்ள உருண்டை முனை ஊசியைப் போடுங்கள். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை விழச் செய்யும். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாகமான கால்பட்டியின் அழுத்தத்தைக் குறைக்க முடியுமானால் குறையுங்கள்.

தையலைப் பொறுத்தவரை, சாட்டின் தையல் கட்டாயமில்லை என்பது என் கருத்து. அப்ளிக் துண்டையும் பனியன் துணியிலேயே வெட்டினால், அதன் விளிம்பு பிசிராது. விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே ஒரு நேர்த்தையலோ, கையால் போடும் போர்வைத் தையலோ போதும். சட்டையும் விறைக்காது, குழந்தைக்கும் உறுத்தாது. சாட்டின் தையலே வேண்டுமென்றால் வளைவுகளில் கவனம் வேண்டும். வெளிப்புறமாக வளையும் இடத்தில், ஊசி அப்ளிக்குக்கு வெளியே சட்டைத் துணியில் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, கால்பட்டியைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். உள்நோக்கி வளையும் இடத்தில் ஊசி அப்ளிக் துணியில் இறங்கியிருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வளைவில் தையல் பிளந்து இடைவெளி தெரியும்.

உருவத்தின் அளவையும் சொல்ல வேண்டும். 2 வயதுக் குழந்தையின் மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 53 செ.மீ.; முன்பகுதி அதில் பாதி. அந்த இடத்தில் 7 அல்லது 8 செ.மீ. உருவமே நிறைவாகத் தெரியும். அதற்கு மேல் பெரிதானால் துணியின் இழுவை நின்றுபோய், சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது குழந்தை சிரமப்படும். பக்கவாட்டுத் தையலைப் போடுவதற்கு முன்பு, சட்டை தட்டையாக விரிந்திருக்கும்போதே அப்ளிக்கை முடித்துவிடுங்கள்.

கேள்வி: பெண் குழந்தைகளின் உடைக்கு ஃப்ரில், லேஸ், பூ என எவ்வளவோ இருக்கின்றன. ஆண் குழந்தையின் உடையில் என்ன செய்ய முடியும்?

பூவும் ஃப்ரில்லும் ஆண் குழந்தைக்கு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை விரும்பினால் வையுங்கள். ஆனால் உங்கள் கேள்வி, தையலின் நேர்த்தியே அலங்காரமாகும் வேலைகளைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பைத் தருகிறது. காலரின் விளிம்பிலும் பையின் வாயிலும் மாற்று நிறத்தில் பைப்பிங் வைத்தால், சாதாரணச் சட்டையே எடுப்பாகிவிடும். அதற்கான கிராஸ் பட்டியைத் துணியின் நேர்விளிம்புக்கு 45 பாகை சாய்வாக, 3 அல்லது 4 செ.மீ. அகலத்தில் வெட்டி, 2 மி.மீ. பருமனுள்ள பருத்திக் கயிற்றை உள்ளே வைத்து, ஜிப் தைக்கும் கால்பட்டியால் கயிற்றை ஒட்டித் தையுங்கள். சாய்வாக வெட்டிய பட்டிதான் காலரின் வளைவில் சுருங்காமல் திரும்பும்.

கோடு போட்ட துணியில் பையை மட்டும் சாய்வாக வெட்டி வைப்பது, பையின் உள்துணிக்கு யாரும் எதிர்பாராத ஒரு நிறத்தைக் கொடுப்பது, மேல்தையலை இரட்டை வரியாக மாற்று நிற நூலில் போடுவது, தவழும் குழந்தையின் முழங்காலில் வளைவான இரட்டைத் துணியை ஓட்டுத் தையலால் நிரப்பித் தைப்பது எனச் சொல்லிக்கொண்டே போகலாம். முழங்கால் துணி உடையின் ஆயுளையும் கூட்டும் என்பதால் அதையே முதலில் செய்யச் சொல்வேன்.

கேள்வி: கழுத்தில் நாடாவும் நுனியில் குஞ்சமும், இடுப்பின் பின்னால் பெரிய போவும் (பட்டாம்பூச்சி வடிவ முடிச்சும்) வைக்கலாமா?

கழுத்தில் வேண்டாம். தலைமூடியிலும் கழுத்திலும் தொங்கும் நாடா சறுக்குமரத்தின் இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் கடைப்பிடிக்கும் இஎன் 14682 என்ற தரநிலை, 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதிகளில் நாடாவே கூடாது என்கிறது. வீட்டில் தைப்பவர்களும் அதைப் பின்பற்றுவது நல்லது. நாடா கட்டியது போன்ற தோற்றம் வேண்டுமென்றால், தட்டையான சிறு போவைச் செய்து, அதன் நடுவையும் இரு இதழ்களையும் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, கழுத்தைத் திறக்கப் பின்னால் டிச் பட்டன் வையுங்கள். நிக்கல் கலந்த பட்டன் சில குழந்தைகளின் தோலில் தடிப்பை உண்டாக்கும். நிக்கல் இல்லாததாகவோ பிளாஸ்டிக்காகவோ பார்த்து வாங்குங்கள். இடுப்பில் கட்டும் பட்டி, அவிழ்ந்து தொங்கினாலும் உடையின் கீழ் விளிம்பைத் தாண்டாத நீளத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. அவள் 2 வயதில் அணிந்த கவுனில் நான் ஒரு மாதம் உட்கார்ந்து பூவேலை செய்திருந்தேன். கவுன் சிறிதாகிவிட்டது, தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்தப் பூவேலையைப் புதிய உடைக்கு மாற்ற முடியுமா?

முடியும், மாற்றவும் வேண்டும். பழைய துணியின் வலுவை முதலில் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழை நைந்த இடம் தனியாகத் தெரியும். நைந்திருந்தால், பூவேலையின் பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை முதலில் ஒட்டிவிட்டு, அதன்பின் வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஒட்டினால் வடிவம் இழுபட்டுவிடும். பூவேலையிலிருந்து எல்லாப் பக்கமும் 2 செ.மீ. விட்டுப் பெரிதாகவே வெட்டிக்கொள்ளுங்கள்.

அதைப் புதிய கவுனின் நெஞ்சில் ஒட்டுத்துண்டாக வைப்பதைவிட, நெஞ்சுப் பகுதியின் நடுத்துண்டாகவே அமைத்து, இரு பக்கமும் புதிய துணியை இணைத்து, இணைப்பில் பைப்பிங் வைத்தால், முதலிலிருந்தே அப்படித் திட்டமிட்டது போல இருக்கும். பழைய துணி பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்தது. புதிய துணியையும் துவைத்துவிட்டே இணையுங்கள். பழைய வெண்மையும் புதிய வெண்மையும் பொருந்தாது என்பதால், புதிய துணியை வெள்ளையாகத் தேடாமல் பூவின் இலை நிறத்திலோ காம்பு நிறத்திலோ தேர்ந்தெடுங்கள். இப்போது 6 வயது என்பதால், அடுத்த ஆண்டும் அணியும்படி கீழ் விளிம்புக்கு மேலே 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு டக் வைத்துவிடலாம். அதற்கு 5 செ.மீ. துணி கூடுதலாகப் பிடிக்கும். பின்னர் பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பின் கோடு மங்கலாகத் தெரிந்தால், அதன்மேல் பைப்பிங் நிறத்திலேயே ஒரு வரி ரிக்ரேக் ஓட்டுங்கள். அந்த ரிக்ரேக்கை இன்றே வாங்கி, துவைத்து, கவுன் துணியின் வெட்டுத் துண்டோடு எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறம் கிடைப்பது அரிது.